நுஜாபேஸுக்கு அப்புறம் ஜப்பானிய ராப்பில் யாரைக் கேட்கலாம்?

மொட்டைமாடி_வானொலி:
'சாமுராய் சாம்ப்ளூ' அனிமே பார்த்ததில் இருந்து, அதற்கு இசை போட்ட நுஜாபேஸ் மேல் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. 'மோடல் சோல்' ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாகிவிட்டது. இதே மாதிரி இன்னும் வேண்டும் என்று தேடினால் யூடியூப் குரலே இல்லாத லோ-ஃபை பீட்டுகளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. எனக்கு வேண்டியது ஜப்பானிய மொழியிலேயே பாடும் ராப். மொழி தெரியாமல் ரசிக்க முடியுமா, எங்கே ஆரம்பிக்கலாம்?

ஊசிமுள்:
நுஜாபேஸ் பாட்டுகளில் வரும் ராப் பெரும்பாலும் ஆங்கிலம்தான், அதனால் நீங்கள் கேட்பது கிட்டத்தட்ட வேறு உலகம். 1994ல் ஈஸ்ட் எண்ட் என்ற ராப் குழு பாடகி யுரியோடு சேர்ந்து பாடிய 'தா.யோ.நே' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இது ராப்பே இல்லை, வெறும் பாப் என்று கிளப்களில் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே கடுப்பு. அந்தக் கடுப்பெல்லாம் சேர்ந்து வெடித்த இடம் 1996 ஜூலை 7, டோக்கியோ ஹிபியா திறந்தவெளி அரங்கில் நடந்த 'சான்பின் கேம்ப்' ராப் கச்சேரி. கொட்டும் மழை. அதை ஏற்பாடு செய்த ராப்பர் ஈ.சி.டி. மேடையேறி, ஜே-ராப் (அந்த பாப் பாணி ராப்) செத்துவிட்டது, நான்தான் கொன்றேன் என்றார். அன்று பாடிய புத்தா பிராண்ட், ரைம்ஸ்டர் இரண்டு குழுக்களையும் கேளுங்கள். அவர்களோடு, 1995ல் வந்த கிங் கிட்ராவின் 'சோரா கரா நோ சிகாரா' ஆல்பத்தையும் விடாதீர்கள். இன்று கேட்டாலும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அகர_முதல:
மொழி தெரியாவிட்டாலும் ரைமைக் காதால் பிடிக்கலாம், பயப்படாதீர்கள். நம் மொழி போலவே ஜப்பானியத்திலும் வினைச்சொல் வாக்கியக் கடைசியில்தான் வரும், அதனால் கடைசி அசை தானாகவே ஒத்துப்போய்விடும். வந்தான், போனான் என்று அடுக்குவது போல அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆகவே நல்ல ராப்பர்கள் வரியைப் பெயர்ச்சொல்லில் வெட்டி நிறுத்தி, மெய்யெழுத்து வேறாக இருந்தாலும் உயிரொலிகளை வரிசையாகப் பொருத்துகிறார்கள். 'அதம' என்றால் தலை, 'கரத' என்றால் உடம்பு, மூன்று எழுத்திலும் அகரம்தான். இதையே ஏழெட்டு அசைக்கு இழுத்து, பின்னால் வரும் பாட்டு முழுக்க விடாமல் ஓட்டுவார்கள். கேட்க வேண்டுமானால் கிரீப்பி நட்ஸ் என்ற இருவர் குழுவின் ராப்பர் ஆர்-ஷிதேய். யூ.எம்.பி. என்ற ராப் சண்டைப் போட்டியில் 2012 முதல் 2014 வரை தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தவர். கூட இருக்கும் டிஜே மட்சுனாகா 2019ல் டிஎம்சி என்ற டிஜே உலகப் போட்டியில் ஜெயித்தவர். 'மேஷ்ல்' அனிமேயில் வந்த 'பிளிங்-பேங்-பேங்-பார்ன்' இவர்களுடையதுதான். அதை ரீல்ஸ் பாட்டு என்று ஒதுக்காமல் ஹெட்ஃபோனில் ஒருமுறை கேளுங்கள்.

தெற்குத்_தெரு:
பழையதையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? கவாசாகி தொழிற்சாலைப் பகுதியில் வளர்ந்த பையன்கள் சேர்ந்து தொடங்கிய பேட் ஹாப் குழு, 2024 பிப்ரவரியில் டோக்கியோ டோம் அரங்கில் பாடிவிட்டுக் கலைந்தது. அந்த ஊரின் புகையும் வறுமையும் அவர்கள் பாட்டில் அப்படியே இருக்கிறது. ஒகினாவாவில் இருந்து ஏவிச் என்ற ராப்பர். 2022ல் 'குவீண்டம்' ஆல்பம் போட்டு, அதே ஆண்டு மார்ச்சில் டோக்கியோவின் புடோகான் அரங்கில் மேடையேறினார். டோக்கியோ ஓஜி பகுதியில் இருந்து கோ என்ற ராப்பர். 2015ல் 'இட் ஜி மா' பாட்டில் கொரிய ராப்பர்களோடு வந்தாரே, அவர்தான். இப்போது சிபா யுகி என்ற பெயரில் பாடுகிறார், அமெரிக்க ராப்பர் மேகன் தி ஸ்டாலியனின் 'மமுஷி'யில் வருவதும் இவர் குரல்தான். என்னைக் கேட்டால் ஏவிச்சில் தொடங்குங்கள்.

மொட்டைமாடி_வானொலி:
நன்றி மக்களே. ஏவிச் ஓடிக்கொண்டிருக்கிறது, குரலில் என்ன கம்பீரம்! கிங் கிட்ரா அடுத்து. அப்புறம், ஒகினாவாவில் இவரைத் தவிர வேறு யாரைக் கேட்கலாம்?

தெற்குத்_தெரு:
'ராசென் இன் ஒகினாவா' என்று தேடுங்கள். ஏவிச்சோடு சுபாகி, ஓஸ்வேர்ல்ட், சிகோ கார்லிடோ மூவரும் அந்த ஒரே பாட்டில் இருக்கிறார்கள்.