நீலமூடி டியூப், 12 கிழமை, என்கே செல்: திரும்பத் திரும்பக் கரு கலையிறவைக்குச் செய்யிற சோதனையிலயும் மருந்திலயும் திருகோணமலையில் கண்டதைச் சொல்லுங்கோ

உப்புவெளி லாப்

ஐஸ் பக்கெட்டோட ஒட்டிக்கிடந்த அந்த நீலமூடி டியூப் இன்னும் மனசை அரிக்குது. மூண்டு தரம் கரு கலைஞ்ச ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ரை இரத்தம். லூபஸ் அன்டிகோகுலன்ட், அதாவது கரு கலையக் காரணமாகக்கூடிய ஒரு அன்டிபொடி (எதிர்ப்புப் புரதம்), இருக்கோ எண்டு பார்க்க எழுதியிருக்கு. காலை 7க்கு எடுத்த இரத்தம் ரெஜிஃபோம் பெட்டிக்குள்ள பகல் 2க்கு வருது, டியூபில நிரப்பவேண்டிய கோட்டுக்குக் கீழ நிக்குது. இரத்தம் உறையாமத் தடுக்கிற ஹெப்பரின் ஊசி போடுறா எண்டு படிவத்தில ஒரு வரி இல்லை. புருஷன் பேச்சுவாக்கில சொல்லித்தான் தெரிஞ்சது.

டியூபுக்குள்ள இருக்கிற உறைதடுப்புத் திரவம் சிட்ரேட் 1 பங்குக்கு இரத்தம் 9 பங்கு. இரத்தம் குறைஞ்சால் உறையிற நேரம் பொய்யா நீளும். பிரிக்காத இரத்தத்தை ஐஸில வைக்கக்கூடாது. 4 மணித்தியாலத்துக்குள்ள இரண்டு தரம் மெஷினில சுத்தி பிளாஸ்மாவை (இரத்தத்தின்ரை தெளிஞ்ச நீர்ப்பகுதியை) பிரிக்கவேணும். முதல் சுற்றில அடியில கொஞ்சம் விட்டுட்டு மேல்பகுதியை மட்டும் வேறை பிளாஸ்டிக் டியூபுக்கு மாத்துங்கோ. பிளேட்லெட் மிஞ்சினால், உறைய வைச்சு உருக்கேக்க உடைஞ்சு, அதின்ரை கொழுப்பு அன்டிபொடியைப் பிடிச்சுக்கொள்ளும். இருக்கிற வருத்தம் இல்லையெண்டு ரிப்போர்ட் வரும். ஹெப்பரின் ஊசி போடுறவைக்கு கடைசி ஊசிக்குப் பிறகு 12 மணித்தியாலமாவது போய்த்தான் இரத்தம் எடுக்கவேணும்.

கொழும்புக்கு பஸ்ஸில அனுப்பி 4 மணித்தியாலத்துக்குள்ள சேராது. -70 பாகையில உறைய வைக்க வசதி இல்லையெண்டால் ஆளே போய் அங்க இரத்தம் குடுக்கிறதுதான் சரி. இதே வருத்தத்துக்குப் பார்க்கிற மற்ற இரண்டு அன்டிபொடிச் சோதனை, கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன், இரண்டும் சீரத்தில (உறைஞ்ச இரத்தத்தில இருந்து பிரியிற நீரில) பார்க்கிறது, அதுகளைக் குளிர்ப்பெட்டியில அனுப்பலாம்.

மூதூர் தாதி

லாப்காரர் சொல்றது சரி. ஆனா கைக்குழந்தையோட இருக்கிறவையும் கூலிக்குப் போறவையும் எத்தினை தரம் கொழும்புக்குப் போவினம்? டியூபை விடப் பெரிய பிழை ஒண்டு இருக்கு. ஒரு தாயின்ரை கிளினிக் கொப்பியில சிவப்புப் பேனையால "ஏபிஎஸ்" (இந்த அன்டிபொடிகளால இரத்தம் உறைஞ்சு கரு கலையிற வருத்தம்) எண்டு எழுதியிருந்தது, அதுவும் ஒரேயொரு ரிப்போர்ட்டை வைச்சு. அந்த இரத்தம் எடுத்தது காய்ச்சல் மாறி இரண்டாம் கிழமை. தொற்று வந்தால் கார்டியோலிப்பின் கொஞ்சக் காலம் கூடி, பிறகு தானாக் குறையும். 12 கிழமை கழிச்சுத் திரும்பப் பார்த்து, அப்பவும் இருந்தால்தான் அந்தப் பேர். அளவும் 40 அலகுக்கு மேல இருக்கவேணும், 15, 18 எண்டு வாறதைப் பெரிசா எடுக்கக்கூடாது. கரு கலைஞ்சு ஆறு கிழமையாவது போகாமல் முதல் இரத்தமே எடுக்காதேங்கோ.

கிண்ணியா பாமசி

ஒரு ராத்தா ஊசிப்பெட்டியைக் கையில வெச்சிக்கிட்டு, "இது பண்டியில இருந்தா எடுக்கிற?" என்டு கேட்டாங்க. கவுண்டர்ல நின்டவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஓம், இனொக்சபரின் என்ட ஹெப்பரின் ஊசி பண்டிக்குடல்ல இருந்து வாறது. மறைக்கக்கூடாது. மறைச்சா, வேறொருத்தர் சொல்லித் தெரியவந்த அன்டைக்கே ஊசியை நிப்பாட்டிருவாங்க. ஃபொன்டபரினக்ஸ் செயற்கையா செய்றது, ஆனா கர்ப்பத்துல அதுக்கு அனுபவம் குறைவு. மௌலவிக்கிட்டயும் டொக்டர்கிட்டயும் ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு முடிவெடுக்கச் சொல்லுங்க.

40 மில்லிகிராம் ஊசியில இருக்கிற காத்துக்குமிழியை வெளியே தள்ள வேணாம், தள்ளினா மருந்தும் போயிரும். தொப்புளுக்கு 5 சென்ரிமீற்றர் தள்ளி, தோலை மடிச்சிப் பிடிச்சி நேரா குத்தணும். ஊசியை எடுக்கிற வரைக்கும் மடிப்பை விடாதீங்க, பிறகு தேய்க்காதீங்க. தேய்ச்சா நீலமாக் கண்டிரும். 25 பாகைக்கு மேல வெக்கக்கூடாது, உறையவும் விடக்கூடாது.

நிலாவெளி 4ஆம் கட்டை

சென்னையில இருந்து கொண்டுவந்த ஒரு ஃபைல். முதல் பக்கத்தில என்கே செல் (நச்சுரல் கில்லர் எண்ட ஒருவகை வெள்ளைக்கலம்) 16 வீதம் எண்டு மஞ்சள் மையால வட்டம். கீழ மருந்து: பிரெட்னிசொலோன் எண்ட ஸ்டீரொயிட், இன்ட்ராலிப்பிட் எண்ட கொழுப்புச் சேலைன். கார்டியோலிப்பின் பார்க்கவே இல்லை.

கையில எடுக்கிற இரத்தத்தில இருக்கிற என்கே செல் வேறை, கர்ப்பப்பையில இருக்கிறது வேறை. கர்ப்பப்பையில உள்ளது நச்சுக்கொடி பிடிக்க உதவுறது. பேரில "கில்லர்", கொலை, இருக்கிறதால தாய்மார் பயப்படுகினம். இந்தச் சோதனையை வழமையாச் செய்யவேண்டாம் எண்டுதான் ஐரோப்பிய வழிகாட்டி சொல்லுது. கணவனின்ரை வெள்ளைக்கலத்தை ஊசியா ஏத்தினதை 1999இல் ஆய்வு செய்து பார்த்தவை: ஏத்தினவையில 36 வீதம், ஏத்தாதவையில 48 வீதம் பிள்ளை பெற்றவை. 1997 ஆய்வில பிரெட்னிசோனும் அஸ்பிரினும் சேர்த்துக் குடுத்தும் உயிர்ப்பிறப்புக் கூடேல்லை, குறைமாதப் பிள்ளைதான் கூடினது. அதே 1997இல் இங்கிலாந்தில ஏபிஎஸ் உள்ள 90 பேரில, அஸ்பிரினோட ஹெப்பரின் எடுத்தவைக்கு 71 வீதம் உயிர்ப்பிறப்பு, அஸ்பிரின் மட்டும் எடுத்தவைக்கு 42 வீதம். காசு செலவழிக்கிறதெண்டால் இந்தப் பக்கம் செலவழியுங்கோ.

இன்னும் ஒண்டு, ஒருத்தரும் கேக்கேல்லை, எண்டாலும் சொல்றன். தைரொயிட் டிஎஸ்எச் பாருங்கோ. கர்ப்பப்பைக்குள்ள சுவர் இருக்கோ எண்டு 3டி ஸ்கேன் எடுங்கோ. சீனி பாருங்கோ. அடுத்த தரம் கலைஞ்சால் அந்தச் சதையைக் குரோமோசோம் சோதனைக்கு எடுத்துவையுங்கோ, கலைஞ்ச கருவில அரைவாசிக்கு அங்கதான் பிழை. குரோமோசோம் எண்ணிக்கையில பிழையெண்டால் ஹெப்பரினும் காப்பாத்தாது, தாயைக் குற்றம் சொல்லவும் ஒண்டுமில்லை. கிருமி நீக்கின சேலைனில போடவேணும். ஃபோர்மலினில போட்டால் கலம் செத்திடும், வளர்த்துப் பார்க்கேலாது.

தம்பலகாமம் மிட்வைஃப்

கடைசி வரியைப் போன மாசமே எழுதியிருக்கலாம். மாமியார் ஒருத்தர் சேலைத் தலைப்புக்குள்ள மூடிக் கொண்டுவந்த ஜாம் போத்தல். தியேட்டரில கேட்டு வாங்கினவவாம், பத்திரமா இருக்கட்டும் எண்டு ஃபோர்மலின் ஊத்திக் குடுத்திருக்கினம். கலத்தை வளர்த்துப் பார்க்கேலாது எண்டு விளங்கப்படுத்தினதுக்குப் பிறகும் போத்தலை மேசையில வைக்கேல்லை. "அப்ப இதை வீட்டை கொண்டுபோய்ப் புதைக்கலாமோ, மிஸ்?" எண்டு மட்டும் கேட்டா.