வாளையார்–கொல்லங்கோடு இணையில் 3 நொடி உச்சம்: ஒன்-பிட்டை மாத்தணுமா?

வடகரைப்பதி:
வாளையாரிலும் கொல்லங்கோட்டிலும் வச்ச ரெண்டு நில அதிர்வுமானிகளின் பின்னணி இரைச்சலை ஒப்பிட்டு (கோரிலேஷன்), ஒரு இடத்திலிருந்து இன்னொன்றுக்கு அலை போக எடுக்கும் நேரம் பார்க்கிறேன். நேர்த்தூரம் சுமார் 30 கி.மீ. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, செங்குத்துக் கூறு மட்டும். ஒரு மணி நேரத் துண்டுகள், 0.1–1 ஹெர்ட்ஸ், ஒன்-பிட் (வீச்சை விட்டு + / − குறியை மட்டும் வைப்பது), வைட்டனிங் (எல்லா அதிர்வெண்ணையும் சமபலமாக்குவது), சாதாரண ஸ்டாக் (துண்டுகளின் நேரடிச் சராசரி). நொடிக்கு 3 கி.மீ. கணக்கில் ரேலி அலை (நிலப்பரப்பை ஒட்டி ஓடும் அதிர்வு) 10 நொடியில் வரணும். அங்கே மங்கல்தான். 3 நொடியில் பெரிய உச்சம்; நாள் சேரச்சேர அதுவே வளருது. ஃபேஸ் கோரிலேஷன் (வீச்சை விட்டு அலையின் கட்டத்தை, அதாவது ஃபேஸை மட்டும் ஒப்பிடுவது), ஃபேஸ்-வெயிட்டட் ஸ்டாக் (ஃபேஸ் ஒத்துப்போகும் இடத்துக்கு அதிக எடை தரும் சராசரி) போட்டா சரியாகுமா?

கணவாய்க்காத்து:
ஆகாது, இன்னும் கெடும். வரைபடத்தை எடுங்க. கஞ்சிக்கோடு உங்க கோட்டை ஒட்டியே இருக்கு: கொல்லங்கோட்டிலிருந்து ஏறக்குறைய 21 கி.மீ., வாளையாரிலிருந்து 11. வித்தியாசம் 10, 3-ஆல் வகுத்தா உங்க உச்சம் வந்திருச்சு. அங்குள்ள காற்றாலைகள் மேலதான் என் சந்தேகம். இடம் மாறாத மூலம் எல்லாத் துண்டிலும் ஒரே ஃபேஸில் விழும். ஃபேஸ்-வெயிட்டட் ஸ்டாக் தூக்கிவிடுறதே அந்த ஒற்றுமையைத்தான். ரயிலா இருந்தா மூலம் நகரும், உச்சம் இவ்வளவு கூரா நிக்காது. காற்றடிச்ச நாளையும் அடங்கின நாளையும் தனித்தனியா ஸ்டாக் பண்ணிப் பாருங்க.

பாறைமேடு:
ஒன்-பிட் பூகம்பத்தையும் லாரி அதிர்வையும் அடக்கும், ஓயாம ஓடுற எந்திரத்தை அடக்காது. நகரும் சராசரி முறையும் (சன்னல் நீளம் உச்சகட்ட அலைவு காலத்தில் பாதி, உங்களுக்கு 5 நொடி) அப்படித்தான். ஃபேஸ் கோரிலேஷனுக்கு இந்த வீச்சுச் சமன்பாடே வேண்டாம், அவ்வளவுதான் லாபம். உதவுறது வைட்டனிங். ஸ்பெக்ட்ரத்தை மழுப்பும் அகலம் காற்றாலைக் கோட்டைவிட (ஸ்பெக்ட்ரத்தில் ஒரே அதிர்வெண்ணில் எழும் கூரான உச்சி) பெரிசா இருந்தா கோடு அப்படியே நிக்கும், குறைங்க. ரொம்பக் குறைச்சா கருவி இரைச்சலும் சேர்ந்து எழும்பும்.

வடகரைப்பதி:
அதிர்வெண் பட்டையைப் பிரிச்சேன். 0.1–0.3 ஹெர்ட்ஸில் அந்த உச்சம் இல்லை, ஆனா பூஜ்ஜியம் நொடியில் ஒரு மேடு.

கணவாய்க்காத்து:
அது கடல் எழுப்பும் அதிர்வு. தென்மேற்குப் பருவத்தில் அலை மேற்குப் பக்கத்திலிருந்து, உங்க கோட்டுக்குப் பெரும்பாலும் குறுக்கா வருது. ரெண்டு இடத்தையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடும். எந்தச் செயல்முறையும் இதைச் சரிபண்ணாது. மூணு அலைநீள விதிப்படியும் (தூரம் குறைஞ்சது மூணு அலைநீளம் இருக்கணும்) 30 கி.மீ.-க்கு 0.3 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம்பக்கூடாது. பாலக்காடு–பொள்ளாச்சி மாதிரி கிழக்கு-மேற்கு இணை எடுங்க, 40 கி.மீ. வரும். கோரிலேஷனில் பூஜ்ஜியத்துக்கு ஒருபக்கம்தான் பலமா இருக்கும். ரெண்டு கருவியின் கடிகாரமும் சரியான்னு பார்க்காம ரெண்டு பக்கத்தையும் மடிச்சுச் சேர்க்காதீங்க.

பாறைமேடு:
பின்னாடி நிலத்தடியில் அலை வேக மாற்றம் அளக்கப் போறீங்கன்னா சாதாரண ஸ்டாக்கையும் தனியா வச்சுக்குங்க. ஃபேஸ்-வெயிட் வால் அலையின் (முக்கிய அலைக்குப் பின்னாடி நீளும் சிதறல் அதிர்வு) வடிவத்தையே மாத்திடும்.