டோக்கன் யார் கையில்?

கயல்: செந்தில் மாமா, பிஎச்பியில் எழுதும் வெப்சைட் ப்ராஜெக்டில் மாட்டிக்கொண்டேன். செட்குக்கி போட்டுப் பெயரைக் குக்கியில் வைக்கிறேன். அடுத்த வரியில் அதைத் திரையில் காட்ட எக்கோ செய்தால் காலி. ரிஃப்ரெஷ் செய்தால் வந்துவிடுகிறது! நாளை மறுநாள் ரிவ்யூ.

செந்தில் மாமா: பயப்படாதே. கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் தருவார்களே, அதை நினைத்துக்கொள். கொடுப்பது சர்வர், வைத்திருப்பது பிரவுசர். குக்கிதான் அந்த டோக்கன். செட்குக்கி, பதிலின் ஹெடரில், அதாவது பக்கத்துக்கு முன்னால் போகும் குறிப்பில், டோக்கனைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். உன் எக்கோ ஓடும்போது டோக்கன் பிரவுசர் கைக்கே போயிருக்காது. அடுத்த முறை வரும்போதுதான் அதை நீட்டும்.

செந்தில் மாமா: குக்கி வைத்ததும் ரீடைரக்ட் செய்துவிடு. அதுவும் ஹெடரில்தான் போகும்; பார்த்ததும் பிரவுசர் டோக்கனோடு மறுபடி வரும்.

அத்தை: குக்கி என்றால் பிஸ்கட் இல்லையா?

செந்தில் மாமா: பேர் மட்டும்தான் அக்கா. புரோகிராமர்கள் முன்பே 'மேஜிக் குக்கி' என்று ஒன்றைச் சொல்வார்கள். 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுலி இதைச் செய்தபோது அந்தப் பேரையே எடுத்துக்கொண்டார். இது இல்லாவிட்டால் சர்வருக்கு ஒவ்வொரு தடவையும் நாம் புது ஆள்தான்.

கயல்: ரீடைரக்ட் போட்டேன். 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்கிறது.

செந்தில் மாமா: எந்த வரியில் அவுட்புட் தொடங்கியது என்று அதிலேயே இருக்கும், பார்.

கயல்: 7ஆம் வரி. ஐயோ, சோதிக்க வைத்த எக்கோ!

செந்தில் மாமா: அதை எடு. எழுத்து ஒன்று வெளியே போய்விட்டால் ஹெடருக்கு வழி அடைபட்டுவிடும். சரி, குக்கியில் வேறு என்ன வைத்திருக்கிறாய்?

கயல்: பெயர், அப்புறம் ரோல். ஸ்டூடண்டா அட்மினா என்று.

செந்தில் மாமா: கயல், அது ஆபத்து. எஃப்12 அழுத்தி குக்கி இருக்கும் இடத்துக்குப் போ. ஸ்டூடண்டை அழித்து அட்மின் என்று அடி.

கயல்: மாமா, எல்லோருடைய மார்க்கும் திறந்துவிட்டது 😰

செந்தில் மாமா: பிரவுசர் கையில் இருப்பதை யாரும் திருத்தலாம். செருப்பு உள்ளே இருக்கட்டும், டோக்கன் எண் மட்டும் வெளியே போகட்டும். ரோலை செஷனில், அதாவது சர்வரிலேயே, வை. டோக்கன் எண் போகும் குக்கிக்கு எச்டிடிபிஒன்லி என்ற அமைப்பையும் போடு. பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அந்த எண்ணைப் படிக்க முடியாது.

அத்தை: சாப்பிட்டுவிட்டு உட்காரம்மா.

கயல்: சாப்பிட்டாயிற்று அத்தை. மாமா, மாற்றிவிட்டேன். இப்போது குக்கியில் பிஎச்பிசெஸ்ஐடி என்று செஷன் எண்ணுக்கான ஒரே வரி, எதிரே புரியாத எழுத்துகள். அதில் ஒன்றைத் திருத்தினேன், லாகின் பக்கத்துக்கே அனுப்பிவிட்டது.

செந்தில் மாமா: அப்படித்தான் அனுப்ப வேண்டும் 👍