மறுமொழி: ‘டிஸ்டர்பன்ஸ் பார்க்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: அரவக் குரைப்பு

அன்பர்களுக்கு வணக்கம்.

நாய்களின் குரல் பற்றிய ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் சொற்பட்டியலில், ஐயா முன்வைத்த சொற்களை ஒட்டி எழுதுகிறேன். ‘பார்க்’ என்பது இங்கே குரைப்பு; வாசல் மணி போன்ற ஏதோ ஒன்றால் உசுப்பப்பட்டு நாய் குரைப்பதே ‘டிஸ்டர்பன்ஸ் பார்க்’.

> டிஸ்டர்பன்ஸ் பார்க் – தொல்லைக் குரைப்பு
> ஐசொலேஷன் பார்க் – தனிமைக் குரைப்பு
> ப்ளே பார்க் – விளையாட்டுக் குரைப்பு

பின்னிரண்டையும் அப்படியே ஏற்கலாம். ‘ஆட்டக் குரைப்பு’ என்று சுருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆட்டைப் பார்த்துக் குரைப்பதாகப் படிக்க இடமிருப்பதால் விளையாட்டே இருக்கட்டும்.

முதல் சொல்லில்தான் எனக்கு உடன்பாடில்லை. தொல்லைக் குரைப்பு என்றதும், இரவெல்லாம் குரைத்துத் தெருவாரின் தூக்கத்தைக் கெடுக்கும் நாய்தான் நினைவுக்கு வரும். நகராட்சிக்குப் புகார் எழுதுகிறவர் அதை அப்படிச் சொல்லலாம். இங்கே நிலைமை தலைகீழ். அமைதியாகப் படுத்திருந்த நாயைத்தான் ஏதோ ஒன்று உசுப்பியிருக்கிறது.

இந்த மூன்று பெயர்களும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் வழி தெளியும். கலிபோர்னியாவில் ஸோஃபியா யின், பிரெண்டா மெக்கோவன் இருவரும் 10 நாய்களின் 4,672 குரைப்புகளைப் பதிவுசெய்து ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். பதிவு நடந்தது மூன்று சூழல்களில்: வாசல் மணி அடித்தபோது, உரிமையாளரை விட்டுப் பிரித்துத் தனியே அடைத்தபோது, விளையாடியபோது. வாசல் மணிக்குக் குரைத்த குரல் தடித்தது, கரகரப்பானது, ஏற்ற இறக்கம் குறைந்தது. மற்ற இரண்டும் கீச்சுக்குரல், ஏற்ற இறக்கம் மிகுந்தவை. தனியே விடப்பட்ட நாய் விட்டுவிட்டு ஒற்றை ஒற்றையாகக் குரைக்கும். விளையாடும் நாய் கொத்துக் கொத்தாகக் குரைக்கும். ஆக, இந்தப் பெயர்கள் நாய் எதற்காகக் குரைக்கிறது என்பதைச் சொல்லவில்லை. எப்போது குரைத்தது என்பதை மட்டுமே சொல்கின்றன. நம் சொல்லும் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்பதே என் வாதம்.

அதனால்தான் அடுத்து வந்த இரண்டு பரிந்துரைகளையும் மறுக்க வேண்டியிருக்கிறது.

> எச்சரிக்கைக் குரைப்பு அல்லது காவற்குரைப்பு என்றால் எல்லாருக்கும் உடனே புரியுமே?

புரியும். ஆனால் இன்னும் தீராத வழக்குக்கு அது தீர்ப்பு எழுதிவிடுகிறது. வளர்ந்த ஓநாய் அரிதாகவே குரைக்கிறது. நாயோ எதற்கெடுத்தாலும் குரைக்கிறது. இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. மனிதரோடு வாழ்ந்து வாழ்ந்து, மனிதருக்குச் சேதி சொல்லவே குரைப்பு பெருகியது என்பது ஒரு கட்சி. கேத்ரின் லார்ட், ரேமண்ட் காப்பிங்கர் முதலியோர் 2009இல் வேறொன்று சொன்னார்கள். கரிச்சான் குருவி தன் கூட்டுப் பக்கம் வந்த பருந்தைக் கத்திக்கொண்டே துரத்துகிறதே, பல விலங்குகளிடம் உள்ள அந்த வழக்கத்தின் ஒரு வடிவம்தான் குரைப்பு என்பது அவர்கள் கருத்து. எதிர்க்கவும் தோன்றுகிறது, ஓடவும் தோன்றுகிறது, ஆனால் இடத்தை விட்டுப் போக முடியாது. அந்த இழுபறியில் வெளிவரும் குரல் அது. ஓநாய்க்குக் குட்டிகள் கிடக்கும் வளையருகேதான் இந்த நிலை வரும். மற்ற நேரங்களில் சத்தமில்லாமல் விலகிப் போய்விடும். சங்கிலியிலோ சுற்றுச்சுவருக்குள்ளோ வாழும் நாய்க்கு, சொந்தத் தெருமுனையை விட்டு நகராத நாய்க்கு, நாள் முழுக்க அதே நிலைதான்.

இந்த இழுபறியை எங்கள் தெருவில் தினமும் பார்க்கலாம். முனையில் டீக்கடை அடைத்த பிறகு அறிமுகமில்லாத வண்டி ஒன்று திரும்பினால், செவலை எழுந்து நிற்கும். முன்னங்கால்கள் ஊன்றியிருக்கும், பின்னுடல் சற்றே பின்னால் சாய்ந்திருக்கும், வால் விறைத்திருக்கும். ஒவ்வொரு ‘வள்’ளுக்கும் உடம்பு முன்னே எகிறும், அடுத்த நொடி அரை அடி பின்வாங்கும். வண்டி நின்று, இறங்கியவர் ஹெல்மெட்டைக் கழற்றி, தெரிந்த முகம் என்று ஆனதும் குரல் பாதியிலேயே மெலிந்து முனகலாகிவிடும், வால் தாழ்ந்து குழையும். இதைக் காவல் என்பதா, அச்சம் என்பதா? இரண்டும் கலந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. கலைச்சொல் இதில் ஒரு பக்கம் சாயக் கூடாது.

என் பரிந்துரை: அரவக் குரைப்பு. ‘அரவம் கேட்டு நாய் குரைத்தது’ என்று எழுதவும் பேசவும் செய்கிற தொடரிலிருந்தே எடுத்தது. குரைப்பு எப்போது வந்தது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. எச்சரித்ததா, விரட்டியதா, அஞ்சியதா என்ற கேள்வியைக் கட்டுரையின் உடலுக்கு விட்டுவிடுகிறது.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் யோசித்தேன். அரவம் என்றால் பாம்பும்தான். ஆனால் பாம்பு என்னும் பொருள் இன்று செய்யுளிலும் பக்திப் பாடலிலும் வாழ்கிறது. அன்றாட வழக்கில் ‘அரவமில்லாமல் வந்தான்’ என்றால் யாரும் பாம்பைத் தேட மாட்டார்கள். குரைப்போடு சேரும்போது ஐயம் இன்னும் குறைகிறது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஒலியே இல்லாமல், குடை பிடித்து வருகிறவரைப் பார்த்தும் நாய் குரைக்கிறதே? ‘ஆளரவமற்ற தெரு’ என்று சொல்லும்போது ஒலியில்லாத தெருவை மட்டுமா சொல்கிறோம்? ஆள் நடமாட்டத்தின் தடமே இல்லாத தெரு என்றுதானே பொருள். ஆக, ஒருவர் இருப்பதைக் காட்டும் எதுவும் அரவத்துக்குள் அடங்கும். ஆளரவம் என்றே வைத்தால் பூனையும் மாடும் லாரியும் விடுபட்டுப்போகும். எனவே அரவம் போதும்.

யாழ்ப்பாணத்து நண்பர் ‘சிலமன்’ என்ற சொல்லை நினைவூட்டியிருந்தார். ‘ஆள் சிலமன் இல்லை’ என்பது எவ்வளவு அழகான வழக்கு! பொருளில் அரவத்துக்கு நெருங்கிய உறவு. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் பெரும்பாலோருக்குத் தெரியாது என்பது ஒன்றே தயக்கம். விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடுவோம். குரைத்தல், குலைத்தல் இரண்டையும் அவ்வாறே தரலாம். இரண்டும் வழக்கில் இருக்கின்றன, தலைச்சொல்லாகக் குரைத்தலை வைப்போம்.

> ஒட்டுமொத்தத் துறைக்கு ‘நாய்மொழி’ என்று பெயரிடலாம்.

இதற்கு நான் கடுமையாகவே மறுப்புத் தெரிவிக்கிறேன். குரைப்பில் சொல்லும் இல்லை, இலக்கணமும் இல்லை. ஆனாலும் நமக்குப் புரிகிறது. புடாபெஸ்ட் ஏட்வஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் பொங்ராட்ஸ், மிக்லோஷி குழுவினர் மூடி என்ற ஹங்கேரிய மேய்ச்சல் நாய்களின் குரைப்புகளை ஒலிபரப்பி, எந்தச் சூழலில் குரைத்தது என்று மக்களைக் கேட்டார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில், நாய் வளர்த்தவர்களும் வளர்க்காதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில், குருட்டாம்போக்கைவிடத் தெளிவாகவே சரியாகச் சொன்னார்கள். பின்னர் பிறவியிலேயே பார்வையில்லாதவர்களும் அவ்வாறே இனங்கண்டார்கள். நாய் குரைப்பதைக் கண்ணால் ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் அவர்கள்! தடித்த குரல், அடுத்தடுத்து வந்தால் சினம். கீச்சுக்குரல், இடைவெளி விட்டு வந்தால் சினமில்லை. மொழி கற்காமலே காது அறிந்துகொள்கிற செய்தி இது.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: குறிப்பு. குறளில் இரண்டு அதிகாரங்களுக்குக் குறிப்பறிதல் என்றே பெயர். குரல், வால், காது, பார்வை எல்லாவற்றாலும் நாய் செய்வதைக் குறிப்புணர்த்தல் என்போம். நாம் அதைப் புரிந்துகொள்வதும், நம் விரலை அது புரிந்துகொள்வதும் குறிப்பறிதல். இந்த இரண்டாவது திசையை மறந்துவிடக் கூடாது. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் பழக்கப்படாத தெருநாய்களிடம், மூடிய இரு கிண்ணங்களில் ஒன்றைக் கைகாட்டிப் பார்த்தார்கள். அருகே வரத் துணிந்த நாய்களில் பெரும்பாலானவை காட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் பயிற்சி தராத நாய்கள் அவை. ‘கம்யூனிகேஷன்’ என்பதற்குத் ‘தொடர்பாடல்’ என்ற ஈழத்து வழக்கையும் பொதுச்சொல்லாக ஏற்கிறேன். ‘தகவல் தொடர்பு’ என்பதைவிட அது நன்று. குரைப்பில் தகவலைவிட மனநிலையே மிகுதி.

எனவே பட்டியலில் இப்படித் திருத்த வேண்டுகிறேன்: அரவக் குரைப்பு, தனிமைக் குரைப்பு, விளையாட்டுக் குரைப்பு, பொதுவில் குறிப்புணர்த்தல், குறிப்பறிதல். ஐயாவும் மற்றவர்களும் மறுப்பிருந்தால் எழுதுங்கள்.

இன்னும் ஒரு சொல் தேங்கி நிற்கிறது. முன்னங்கால்களைத் தரையோடு தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி, ‘வா, விளையாடலாம்’ என்று நாய் அழைக்கிறதே, ‘ப்ளே பவ்’. பட்டியலில் ‘விளையாட்டு வணக்கம்’ என்றிருக்கிறது. நாய் வணங்கவில்லை, அழைக்கிறது. ‘அழைப்புக் குனிவு’ என்று தோன்றுகிறது, ஆனால் எனக்கே முழு நிறைவில்லை. உங்கள் ஊரில் அதற்குப் பேச்சுவழக்கில் ஏதாவது சொல் உண்டா?