ஹால்ட்டும் ஸ்டாப்பும்

குழு: நம்ம குடும்பம்

குட்டி: பெரியப்பா, ரயில் ஆப்பில் எல்லா ஸ்டேஷனுக்கும் நேரே ‘ஹால்ட் 2 நிமிடம்’ என்று இருக்கிறது. சில ஊரின் பெயரிலேயே ஹால்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, ரெண்டும் ஒன்றா?

பெரியப்பா: இல்லைம்மா. முதலாவது வண்டி நிற்கும் நேரம். பெயரில் இருப்பது ஸ்டேஷனின் ரகம். ரயில்வேயில் நாங்கள் ‘டி கிளாஸ்’ என்போம். சிக்னல் கிடையாது, லைன் கிளியர், அதாவது பாதை காலி, வண்டி வரலாம் என்ற அனுமதி, கொடுக்க ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. டிக்கெட் கொடுப்பவரும் பெரும்பாலும் கமிஷனுக்கு இருக்கும் ஏஜென்ட்தான்.

மாமா: எக்ஸ்பிரஸ்காரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான் 😀

சித்தி: குட்டி, இதோடு இலக்கணத்தையும் படித்துக்கொள். ஹால்ட் என்றால் ஓடுகிற ஒன்று நிற்பது, அநேகமாகத் திரும்பக் கிளம்பத்தான். ஸ்டாப் எல்லாவற்றுக்கும் வரும். ‘ஸ்டாப் டாக்கிங்’ என்று அதட்டலாம், ‘ஹால்ட் டாக்கிங்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

குட்டி: ‘ஸ்டாப் டு ஈட்’ என்பது?

சித்தி: அது சாப்பிடுவதற்காக நிற்பது. ‘ஸ்டாப் ஈட்டிங்’ என்றால் சாப்பிடுவதை நிறுத்துவது. பரீட்சையில் பாதிப் பேர் கோட்டை விடுவது இதில்தான்.

மாமா: அப்போ எங்கள் ஊர் நைட் ஹால்ட் பஸ்ஸுக்குச் சரியான பெயர்தான். ராத்திரி வந்து, டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து, விடியும் முன்னே எடுத்துவிடுவார்கள்.

அத்தை: ஒரு சந்தேகம். கிங் ஜேம்ஸ் பைபிளில் லூக்கா 14:21-இல் ‘தி ஹால்ட்’ என்று வருகிறது. நம் வேதாகமத்தில் அந்த இடத்தில் சப்பாணிகள் என்றிருக்கிறது. நிற்பவர்கள் என்று அர்த்தமில்லையே?

சித்தி: நல்ல கேள்வி மதினி. அது வேறு சொல், பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. நிற்கிற ஹால்ட் ஜெர்மன் படைக்காரர்களின் சொல். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. எழுத்து ஒன்றாகப் போனதால் வந்த குழப்பம். தட்டுத் தடுமாறிப் பேசுவதை ‘ஹால்டிங்’ என்கிறார்களே, அது நிற்கிற ஹால்ட் இல்லை. விந்தி நடக்கிற ஹால்ட்டின் வழி வந்தது.

மாமா: என் இங்கிலீஷ் மாதிரி என்று சொல்.

சித்தி: அதற்கு முதலில் கிளம்பியிருக்க வேண்டும் அண்ணே 😂

பெரியப்பா: 👏👏