வாழ்க்கைக் கணக்குக்குத் தனி பீரியட் வேணுமா? (வேலூர், 9-10ஆம் வகுப்பு)

பாலாறு:
வாரம் இரண்டு பீரியட் ஒதுக்கி வட்டி, மனை, அளவு மட்டும் நடத்தணும். காரணிப்படுத்தத் தெரிஞ்ச பிள்ளைக்கு ‘பிளாட் வட்டி’ன்னா என்னன்னு தெரியல. ₹60,000 பைக் கடன், 24 மாதம், பிளாட் 12%. வட்டி 14,400, தவணை 3,100. கட்டி முடிச்ச அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடுது. உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 21.6%.

காட்பாடி கணக்கு:
சார், அதுக்குத் தேவையானது பத்தாம் வகுப்பு இரண்டாம் இயல்லயே இருக்கே. மாதம் 2,500 அசல் குறைஞ்சா நிலுவை 60,000, 57,500 என்று 2,500 வரை இறங்கும். கூட்டுத்தொடர்தான்: 12 × 62,500 = 7,50,000. மாதம் 1% போட்டா வட்டி 7,500. பிளாட்டில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பாடத்துக்குள்ளேயே இதை நடத்தலாம். தனியாப் பிரிச்சா ‘சுமாராப் படிக்கிறவங்க கணக்கு’ன்னு முத்திரை குத்திடுவாங்க, அப்புறம் அந்த பீரியடை சயின்ஸ் சார் வாங்கிப்பார்.

பாலாறு:
7,500 வரும், 21.6 வராதே. மாதம் 1.8%னு ஊகிச்சு, ‘நிலுவை × 1.018 − 3,100’ என்று 24 வரிசை போடணும். கடைசியில் 25 ரூபாய் போல மிஞ்சும், அப்போ ஊகம் சரி. வேற வீதம்னா மறுபடியும் 24 வரிசை. எந்த இயல்ல இதுக்கு இடம் இருக்கு?

ஆம்பூர் டேப்:
வட்டியை விடுங்க, மனைக்கு வாங்க. பக்கங்கள் 40, 30, 40, 30 அடி. எல்லாரும் 1,200 சதுர அடின்னு எழுதிடுவாங்க. மூலை சரியா 90° இல்லன்னா அது தப்பு. மூலைவிட்டத்தை அளக்கணும். 50 அடி இருந்தா 1,200 சரி. 44 அடின்னா இரண்டு முக்கோணமாப் பிரிச்சு, மூணு பக்கத்தை வச்சே பரப்பு சொல்ற ஹெரான் சூத்திரம்: அரைச் சுற்றளவு 57, ஒரு முக்கோணம் சுமார் 583, மொத்தம் 1,166. சதுர அடி ₹2,000ன்னா அறுபத்தேழாயிரம் காத்துல போச்சு. நாலு பக்கம் மட்டும் தெரிஞ்சா பரப்பு தெரியாது. ஒன்பதாம் வகுப்பிலேயே ஹெரான் சூத்திரம் வந்துடுது, டேப்பைத்தான் யாரும் எடுக்கிறதில்ல. துணி டேப் வேண்டாம், இழுத்தா நீளும்.

காட்பாடி கணக்கு:
இதைத்தான் நானும் சொல்றேன். சூத்திரம் புரியாம டேப் மட்டும் கொடுத்தா என்ன ஆகும்? கோட்டை மதிலோட உயரத்தை எடுத்துக்குங்க. நடுவுல அகழி, அடி வரை அளக்க முடியாது. இரண்டு இடத்துல நின்னு கோணம் எடுக்கணும். முன்னாடி 15°, 10 மீட்டர் பின்னாடி 12°. கண் மட்டத்துக்கு மேல உயரம் 10.3 மீட்டர். அதே 15°-ஐ 16°ன்னு படிச்சா 8.2. பாகைமானியும் நூலும் வச்சு ஏற்றக்கோணம் அளக்கிற கிளினோமீட்டர்ல ஒரு டிகிரி பிசகு சர்வசாதாரணம். ஏன் இவ்வளவு மாறுதுன்னு கேட்டா முக்கோணவியல் தெரிஞ்சவன்தான் பதில் சொல்வான்.

பாலாறு:
பதில் என்ன? இரண்டு கோணமும் ஒட்டி இருக்கு, அதான். 10 மீட்டருக்குப் பதிலா 30 மீட்டர் பின்னாடி போனா பிசகு குறையும். இதை அகழிக்கரையில நிக்க வச்சாதானே பிள்ளை கேட்கும்? புத்தகக் கணக்குல கோணம் 30°, 45°, 60°ன்னு தானா வந்து உட்காருது.

காட்பாடி கணக்கு:
சரி, திருத்துறது எப்படி? பரீட்சையில செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 மதிப்பெண், விடை தெளிவு. உங்க கணக்குல 40 பேருக்கு 40 விடை.

பாலாறு:
விடைக்கு மதிப்பெண் கிடையாது. அளந்த கோணத்தை ஒரு டிகிரி கூட்டிக் குறைச்சு, உயரம் எதுலிருந்து எதுக்குள்ள வரும்னு எழுதினா அதுக்கு மதிப்பெண். கண் உயரத்தைச் சேர்க்க மறந்தா பாதி கட்.

ஆம்பூர் டேப்:
பத்துல எட்டுப் பேர் மறப்பாங்க.