ப்ளூபெரி இந்தப் பனிக்காலத்திலும் செத்துவிட்டது: குளிரா, மண்ணா?

பனிக்காட்டான், கல்கரி:
போன வருடம் பின்வளவில் மூன்று ‘நார்த்ப்ளூ’ ப்ளூபெரி நட்டேன். லேபிளில் ஸோன் 3 (கடுங்குளிர் தாங்கும் வகை) என்று போட்டிருந்ததால் துணிந்து வாங்கினேன். ஜூலையிலேயே இலைகள் மஞ்சளாகிவிட்டன, நரம்பு மட்டும் பச்சை. அம்மா புளித்தண்ணீர் ஊற்றச் சொன்னார். நான் காபிச் சக்கை போட்டேன். ஏப்ரலில் பார்த்தால் அடியில் ஒரு சாண் தவிர மேலெல்லாம் சுள்ளி. அதற்கு முந்தைய வருடமும் இதே கதை. குளிர் தாங்கும் வேறு பெரி ஏதாவது சொல்லுங்கள்.

சஸ்கட்டூன் அக்கா:
தம்பி, இலை மஞ்சளானது ஜூலையில். அப்போது ஏது குளிர்? இரும்புச்சத்து ஏறவில்லை என்பதற்கான அடையாளம் அது. ப்ளூபெரிக்குப் புளிப்பு மண் வேண்டும். பி.எச். என்ற அளவில் 4.5 முதல் 5.5 வரை; எண் கூடக் கூடப் புளிப்பு குறையும். கனடாவின் நம் புல்வெளி மாகாணங்களில் பெரும்பாலும் 7க்கு மேல்தான். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. குழாய்த் தண்ணீரிலும் சுண்ணாம்பு. காபிச் சக்கை எந்த மூலைக்கு!

காய்ந்த மண் ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம்; மண்ணைப் புளிப்பாக்கக் கந்தகம் வாங்கிப் போட்டு மாளாது.

நுனி காய்ந்தது வேறு விஷயம். நார்த்ப்ளூ குள்ளச் செடி, பனி மூடிக் காக்கும் என்ற கணக்கில்தான் அதைக் குளிருக்குச் சொல்கிறார்கள். உங்கள் ஊரில் பனிக்காலத்தில் ஷினூக் என்ற வெப்பக் காற்று அடித்தால் அந்தப் பனிப் போர்வையே போய்விடுகிறதே.

எட்மண்டன் மாமா:
ப்ளூபெரியைக் கைவிட வேண்டாம். நான் பெரிய தொட்டியில் பீட் மாஸ் (புளிப்பான மக்கிய பாசி) கலந்து வைத்து, மழைத்தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன். பனிக்காலத்தில் ஹீட்டர் இல்லாத கராஜுக்குள். வருடம் ஒரு கிண்ணம் பழம் வரும். மனைவி கணக்குப் பார்க்காதவரை லாபம்தான்.

பனிக்காட்டான்:
வினிகர் விட்டேன் அக்கா. சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி பொங்கியது. சரி, மண்ணோடு சண்டை வேண்டாம். வேறு என்ன வைக்கலாம்?

சஸ்கட்டூன் அக்கா:
ஹாஸ்கப் வையுங்கள், அதுவும் நீலப் பழம் தரும் ஒரு பெரிச் செடிதான். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ‘டன்ட்ரா’ வகை என்னிடம் இருக்கிறது. மைனஸ் 40ஐச் சட்டை செய்யாது. மலர்ந்த பூவே மைனஸ் 7 வரை தாங்கும். காரமண்ணும் பரவாயில்லை. ஆனால் ஒற்றைச் செடி காய்க்காது, மகரந்தத்துக்கு வேறு வகை ஒன்று பக்கத்தில் வேண்டும். ‘டன்ட்ரா’வும் ‘போரியாலிஸ்’ என்ற இன்னொரு வகையும் நெருங்கிய சொந்தம், ஒன்றுக்கொன்று உதவாது. கூடவே ‘அரோரா’ ஒன்று வையுங்கள். இடைவெளி நாலடி.

வெளித்தோல் நீலமானதும் பறித்துவிடாதீர்கள். முதல் வருடம் நான் அப்படித்தான் பறித்து, முகம் கோணி, செடியையே பிடுங்கப் போனேன். ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே பச்சை என்றால் இன்னும் ஒரு வாரமாவது விடுங்கள். நீலம் தெரியத் தொடங்கியதுமே வலை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பறவைகள் முந்திக்கொள்ளும்.

ராஸ்பெரியில் ‘பாய்ன்’ நல்லது, மனிடோபாவில் உருவான வகை. இந்த வருடம் முளைக்கும் தண்டில் அடுத்த வருடம்தான் பழம். இலையுதிர்காலத்தில் சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள்.

பனிக்காட்டான்:
ஒரு டன்ட்ரா, ஒரு அரோரா வாங்கிவிட்டேன். மூன்றில் அடியிலிருந்து துளிர்த்த ஒரே ப்ளூபெரியைத் தொட்டிக்கு மாற்றியாயிற்று. மாமா, உங்கள் தொட்டி எத்தனை லிட்டர்?

எட்மண்டன் மாமா:
ஐம்பது. சக்கரம் வைத்த பலகை மேல் வையுங்கள், இடுப்பு முக்கியம்.